“வயசானா அப்படித்தான்”: மனநல மாத்திரை சாப்பிடும் பெரியவர்களை வீட்டில் கவனிப்பது

கேள்வி, ஏப்ரல் 6, 2025

அம்மாவுக்கு 71 வயது. அப்பா போன பிறகு மனச்சோர்வு வந்து, ஒன்றரை வருடமாக எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறார். மனசு நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் தை மாதத்திலிருந்து நடை மெதுவாகிவிட்டது. கை இரண்டும் லேசாக நடுங்குகின்றன. முகத்தில் சிரிப்பே இல்லை. யாரைக் கேட்டாலும் “வயசானா அப்படித்தான்” என்கிறார்கள். மனநல மாத்திரையால் இப்படி ஆகுமா? நிறுத்திவிடலாமா? வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஏப்ரல் 6, இரவு

நிறுத்த வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் டாக்டர் இல்லை. ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி மனநல வார்டில். வீட்டிலும் என் அக்கா இருக்கிறாள், 74 வயது, இருமுனைக் கோளாறுக்கு (மனம் அளவு மீறி உற்சாகமாவதும் சோர்வதும் மாறி மாறி வரும் நோய்) பல வருடமாக லித்தியம் சாப்பிடுபவள். நான் எழுதுவதை இந்த அளவில் வைத்துப் படியுங்கள்.

வயது மெதுவாக வரும், மாதம் சொல்லிக்கொண்டு வராது. “தை மாதத்திலிருந்து” என்று உங்களால் சொல்ல முடிகிறதே, அதுவே எனக்குப் போதும். தொடங்கிய மாதம் தெரிகிற எந்த மாற்றத்தையும் முதுமைக் கணக்கில் எழுதாதீர்கள். அந்த மாதத்தில், அல்லது அதற்குச் சற்று முன்னால், புதிதாக எந்த மாத்திரை வீட்டுக்குள் வந்தது என்று பாருங்கள்.

எஸ்சிடலோபிராமால் கை நடுங்கலாம். ஆனால் ஒன்றரை வருடம் சும்மா இருந்துவிட்டு, நடை சுருங்கி முகமும் இறுகுவது அதன் வழக்கமான வேலை இல்லை. வேறு ஏதோ இருக்கிறது. அம்மா சாப்பிடும் எல்லா ஸ்ட்ரிப்களையும் மேசையில் பரப்புங்கள். மனநல டாக்டர் தந்தது மட்டும் இல்லை, சர்க்கரை, பி.பி., மூட்டுவலி, வயிறு, தலைச்சுற்று, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது, கண்ணுக்கு விடும் சொட்டு, லேகியம், எல்லாம். பக்கத்தில் தொடங்கிய தேதி எழுதுங்கள். தேதி நினைவில் இல்லையென்றால் பில்லைத் தேடுங்கள்.

ஏப்ரல் 7

பட்டியல் அனுப்பியதற்கு நன்றி. ஏழாவது வரியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “கேஸ் கேப்சூல், காலை வெறும் வயிற்றில், கார்த்திகையிலிருந்து.” ஸ்ட்ரிப்பின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ராபெபிரசோல், லெவோசல்பிரைடு 75 மில்லிகிராம் என்று இருக்கிறதல்லவா?

முதல் மருந்து அமிலத்தைக் குறைப்பது. இரண்டாவது வயிற்றைச் சீக்கிரம் காலியாக்க என்று சேர்ப்பது. அந்த லெவோசல்பிரைடு, மூளையில் அசைவை நடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தடுக்கும் சாதி. அதாவது மனநல வார்டில் நாங்கள் கொடுத்த மருந்துகளின் உறவுக்காரன். வயிற்று மருந்து என்ற பெயரில் வருவதால் யாரும் அதைக் கண்காணிப்பதில்லை. டோபமைன் தடைபட்டால் பெரியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, பார்க்கின்சன் நோய் போலவே வரும்: மெதுவான நடை, கை வீசாமல் நடப்பது, இறுகிய முகம், நடுக்கம், தலையணையில் எச்சில். தொடங்கிச் சில வாரத்திலோ சில மாதத்திலோ தலைகாட்டும். கொரிய நரம்பியல் டாக்டர்கள் இந்த மருந்தைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள்.

தனியாக இது மட்டும் இல்லை. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் இதே வழிதான். ஐரோப்பிய மருந்து ஆணையம் 2013-ல் அதை ஐந்து நாளுக்கு மேல் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தலைச்சுற்றுக்குத் தரும் சின்னாரிசின் இன்னொன்று. நம் ஊரில் ஒரு தடவை எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்பில் வருடக்கணக்கில் வாங்குவோம். டாக்டர் பத்து நாளைக்கு எழுதியிருப்பார். பாட்டி மூன்று தீபாவளி பார்த்திருப்பாள், அந்த மாத்திரையோடு.

நீங்கள் மனநல மாத்திரையைச் சந்தேகப்பட்டுக் கேட்டீர்கள். சந்தேகம் சரி, ஸ்ட்ரிப்தான் வேறு என்று நினைக்கிறேன். பட்டியலை எடுத்துக்கொண்டு மனநல டாக்டரிடமோ நரம்பியல் டாக்டரிடமோ போங்கள். “கார்த்திகையில் இது தொடங்கியது, தையில் இது வந்தது” என்று இந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள். ஓ.பி.யில் கிடைக்கும் சில நிமிடத்தில் அதற்கு மேல் தேவைப்படாது.

ஏப்ரல் 9

முந்தாநாள் எழுதியதைப் படித்துவிட்டுச் சிலர் தங்கள் வீட்டு கேஸ் கேப்சூலைக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். ஐயா, அம்மா, நான் அதைச் சொல்லவில்லை. எழுதிய டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். கேஸ் கேப்சூலை விடுவதால் பெரிய ஆபத்து இல்லைதான். ஆனால் இதே கையோடு தூக்க மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். லித்தியத்தைச் சடாரென்று நிறுத்தினால் பழைய நோய் திரும்பி வந்து நிற்கும். ஆகவே “பக்க விளைவு, நிறுத்து” என்ற பழக்கமே வேண்டாம்.

ஏப்ரல் 15

கோவையிலிருந்து ஒருவர்: “அத்தை 30 வருடமாக மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வாய் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கிறது. வெற்றிலைப் பழக்கம் என்று நினைத்தோம். வெற்றிலையை விட்டு ஒரு வருடம் ஆகிவிட்டது, வாய் நிற்கவில்லை.”

எங்கள் வார்டிலும் இதேதான். வெற்றிலை போடும் பாட்டிகளிடம் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மெல்லுகிறாளா, தானாக அசைகிறதா? வாயைத் துப்புரவாகக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுத்தான் பார்ப்போம்.

இதற்கு டார்டிவ் டிஸ்கைனீசியா என்று பெயர். நீண்ட நாள் டோபமைன் தடுப்பு மருந்து சாப்பிட்டவர்களுக்கு வாய், நாக்கு, தாடை, சில சமயம் விரலும் இடுப்பும் தானாக அசையும். வயது ஏற ஏற ஆபத்து பல மடங்கு. அமெரிக்காவில் 1990-களில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில் முதல் வருட முடிவிலேயே சுமார் நாலில் ஒருவருக்கு வந்திருந்தது. இளைஞர்களுக்கு அது வருடத்துக்கு நூற்றில் ஐந்து பேர் அளவுதான். புதிய மருந்துகளில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

அதைப் பார்ப்பதற்கு 1976-ல் அமெரிக்க மனநல நிறுவனம் வகுத்த ஒரு சோதனை இருக்கிறது, எய்ம்ஸ் என்பார்கள் (டெல்லி ஆஸ்பத்திரி இல்லை). பத்து நிமிடம் கூட ஆகாது, ஊசி கிடையாது, காசு கிடையாது. கை வைக்கும் பிடி இல்லாத நாற்காலியில் உட்கார வைப்பது. வாயில் ஏதாவது இருக்கிறதா, பல் செட் பொருந்துகிறதா, உறுத்துகிறதா என்று கேட்பது. கையை முழங்கால்களுக்கு நடுவே தொங்கவிடச் சொல்வது. வாயைத் திறந்து வைத்திருக்கச் சொல்வது, இரண்டு தடவை. நாக்கை நீட்டச் சொல்வது. பிறகு கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தொடச் சொல்லிவிட்டு, நீங்கள் கையைப் பார்க்காமல் முகத்தையும் காலையும் பார்க்க வேண்டும். கவனம் கைக்குப் போனதும் வாய் தன் வேலையைத் தொடங்கும். அப்புறம் எழுந்து நின்று, நாலு தப்படி நடந்து, திரும்பி வரச் சொல்வது.

மதிப்பெண் போடுவது பழகியவர்கள் வேலை. ஆனால் இதை அப்படியே போனில் வீடியோ எடுத்து வைக்க யாராலும் முடியும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே நாற்காலி, அதே வெளிச்சம். இரண்டு வீடியோவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் டாக்டருக்கு நம் விளக்கமே வேண்டாம்.

அத்தைக்கு: டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இதற்கென்று இப்போது மருந்து உண்டு, டெட்ராபெனசின் வகை. ஆனால் 30 வருட மருந்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்பது அவசரமில்லாமல் எடுக்க வேண்டிய முடிவு. திடீரென்று குறைத்தால் சில நாள் வாயசைவு கூடவே செய்யும்.

ஏப்ரல் 16

பல் செட் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், பொருந்தாத பல் செட்டை நாக்காலேயே சரிசெய்துகொண்டு இருப்பவர்கள் உண்டு. அதைப் பார்த்து நோய் என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கேள்வி. எங்கள் வார்டில் ஒரு தாத்தாவைப் பரிசோதிக்க வந்த பயிற்சி டாக்டர் முழுப் பக்கம் குறிப்பு எழுதி முடித்த பிறகு, தாத்தா வாயிலிருந்து செட்டைக் கழற்றி, “பக்கத்துக் கட்டில்காரருது, மாத்திப் போட்டுட்டேன்” என்றார்.

மே 5

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. லித்தியம் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் மற்ற குறிப்புகளை விட்டுவிட்டு இதை மட்டுமாவது படியுங்கள்.

லித்தியம் ஒரு உப்பு. சிறுநீரகத்துக்கு அதையும் சோடியத்தையும் சரியாகப் பிரிக்கத் தெரியாது. உடம்பில் சாதாரண உப்போ தண்ணீரோ குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்கிறேன் என்று லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அளவு ரத்தத்தில் ஏறும். நல்ல அளவுக்கும் விஷ அளவுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு. 60 வயதுக்கு மேல் பொதுவாக லிட்டர் ரத்தத்துக்கு 0.4 முதல் 0.6 மில்லிமோல் போதும் என்கிறார்கள். தேவைப்பட்டால் 0.8 வரை போகலாம். 80 தாண்டினால் 0.7-க்கு மேல் வேண்டாம். இளைஞருக்கு ஒத்துப்போகும் 1.0 நம் வீட்டுப் பெரியவருக்கு விஷமாக இருக்கலாம்.

ஏற்றிவிடுபவை எல்லாம் நம் வீட்டில் சாதாரணமாக நடப்பவை. வெயில், வியர்வை. வயிற்றுப்போக்கு. சஷ்டி, ஏகாதசி என்று தண்ணீர் கூடக் குடிக்காத விரதம். பி.பி. இருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்ற அறிவுரை. பி.பி.க்குத் தரும் ராமிபிரில், எனாலபிரில், டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான். அவற்றோடு ஒரே மாத்திரையாகச் சேர்ந்து வரும் ஹைட்ரோகுளோரோதையசைடு, அதாவது நீர் மாத்திரை. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தரும் டைக்ளோஃபெனாக், அசிகுளோஃபெனாக், இபுபுரோஃபென். இவற்றை எழுதித் தருகிறவர் மனநல டாக்டர் இல்லை என்பதைக் கவனியுங்கள். லித்தியத்தின் அளவை யாரும் தொடவில்லை, ஆனாலும் அது ஏறிவிடும்.

அக்காவுக்கு இதுதான் நடந்தது, சில வருடம் முன்பு. பி.பி. கொஞ்சம் கூடியிருக்கிறது என்று ஒரு டாக்டர் பழைய மாத்திரையை நீர் மாத்திரை சேர்ந்ததாக மாற்றினார். பெயர் கிட்டத்தட்ட அதேதான், கடைசியில் ஒரு எழுத்து கூட. சித்திரை வெயில். இரண்டு வாரத்தில் காபி டம்ளர் தளும்ப ஆரம்பித்தது. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு விரல் நுனியில் ஒரு மெல்லிய நடுக்கம் எப்போதுமே இருக்கும், அது வேறு. இது கையே தூக்கிப்போடும் நடுக்கம். அப்புறம் இரண்டு நாள் பேதி. பேச்சு குழறியது. அத்தான், “வெயில்ல போய்ட்டு வந்தா, படுத்தாச் சரியாயிடும்” என்றார். நடையில் தள்ளாட்டத்தைப் பார்த்ததும் ஆட்டோ பிடித்தேன். லெவல் 1.6. சலைன் ஏற்றினார்கள், லித்தியத்தை நிறுத்திவைத்தார்கள், நீர் மாத்திரையை எடுத்தார்கள். தேறிவிட்டாள்.

இப்போது வீட்டுச் சட்டம்: நீர்மோரில் உப்பு உண்டு. உப்பைத் திடீரென்று கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை, வருடம் முழுக்க ஒரே மாதிரி. மூட்டுவலிக்கு பாராசிட்டமால் மட்டும். புது மாத்திரை எதுவும் லித்தியம் டாக்டருக்குத் தெரியாமல் வாய்க்குள் போகாது. பேதி, வாந்தி வந்தால் அன்றே டாக்டருக்குப் போன், அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு.

மே 6

“லெவல் எப்போது எடுப்பது?”

கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. இரவு 9-க்குப் போட்டால் காலை 9-க்கு ரத்தம், காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகுதான். லேப் பையன் வருவதற்குள் காலை மாத்திரையை விழுங்கிவிட்டால் வருகிற எண்ணுக்கு அர்த்தம் இல்லை. பிரிட்டனில் நைஸ் என்ற மருத்துவ அமைப்பின் வழிகாட்டி 65 தாண்டியவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கச் சொல்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான சோதனை), தைராய்டு, கால்சியம். கால்சியத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீண்ட நாள் லித்தியத்தில் அது ஏறலாம்; ஏறினால் மலச்சிக்கல், சோர்வு, குழப்பம், அதாவது மறுபடியும் “வயசானா அப்படித்தான்”.

இன்னொன்று, டியூப் நிறம். பச்சை மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் பெரும்பாலும் லித்தியம் ஹெப்பாரின் போட்டிருப்பார்கள். லித்தியம் இருக்கிற டியூபிலேயே ரத்தத்தைப் பிடித்து லித்தியம் அளந்தால் என்ன வரும்? ஒரு லேபிலிருந்து அக்காவுக்கு 2-க்கு மேல் என்று அறிக்கை வந்தது. பதறிப்போய் ஓடினால், அக்கா தோசை சாப்பிட்டுக்கொண்டு டி.வி. பார்க்கிறாள். வேறு டியூபில் மறுபடி எடுத்தால் 0.5. ஆகவே எண்ணையும் ஆளையும் சேர்த்துப் பாருங்கள். தலைகீழாகவும் உண்டு: எண் சரியாகவே இருக்கும், ஆள் தள்ளாடுவார். பெரியவர்களுக்கு “நார்மல்” அளவிலேயே விஷ அறிகுறி வரலாம். அப்போது ஆளைத்தான் நம்ப வேண்டும்.

மே 8

உப்பு விஷயம் எழுதியதும் ஒருவர், “இவ்வளவு ஆபத்தானதை யார் கண்டுபிடித்தார்கள்” என்று கோபித்திருக்கிறார். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர், மெல்போர்ன் பக்கம் ஒரு மனநல மருத்துவமனையில். அதே 1949-ல் அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? இதய நோயாளிகளுக்குச் சமையல் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை மேசை உப்பாக விற்றார்கள். உப்பு குறைத்த உடம்பு, கூடவே இஷ்டத்துக்கு லித்தியம். சிலர் இறந்துபோனார்கள், அந்த வருடமே கடைகளிலிருந்து எடுத்தார்கள். அந்தப் பயத்திலேயே அமெரிக்கா 1970 வரை லித்தியத்தை மருந்தாக அனுமதிக்கவில்லை. கோபிக்காதீர்கள், அக்காவை இத்தனை வருடம் வீட்டில் வைத்திருப்பது அதுதான்.

மே 20

விழுவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள்.

இரவு ஒன்றுக்குப் போக எழுந்திருப்பவர் ஏன் விழுகிறார்? தரை ஈரம் என்பீர்கள், லைட் இல்லை என்பீர்கள். அதுவும்தான். ஆனால் அவர் குவெட்டியபின் அல்லது ரிஸ்பெரிடோன் போன்ற மனச்சிதைவு மருந்து சாப்பிடுகிறார் என்றால் படுக்கையிலிருந்து எழும்போது பி.பி. சரியும். வீட்டு பி.பி. மெஷினிலேயே பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் ஒரு தடவை. மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நிற்க வைக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கட்டும், அளக்கும்போதே விழுந்துவிட்டால் கேவலம்.

தூக்க மாத்திரை இன்னொரு கதை. டயசெபாம் உடம்பிலிருந்து பாதி வெளியேற எத்தனை மணி நேரம்? கிட்டத்தட்ட அவர் வயது எத்தனையோ அத்தனை என்று வார்டில் சொல்வோம். 20 வயதுக்காரருக்கு 20 மணி, 80 வயதுக்காரருக்கு 80. அப்படியானால் திங்கட்கிழமை மாத்திரை வியாழக்கிழமையும் பாதி உள்ளே இருக்கிறது, அதன் மேல் செவ்வாய், புதன் மாத்திரைகளும். குளோனசெபாமும் நீண்ட நேரம் தங்குவதுதான். எஸ்சிடலோபிராமோடு சேர்த்து ஒரே மாத்திரையாக வருவதால் தாங்கள் தூக்க மாத்திரை சாப்பிடுவதே பலருக்குத் தெரியாது. ஆரம்பத்தில் சில வாரத்துக்கு என்று எழுதியது, வருடங்களாக ஓடும். பகல் முழுக்கத் தூங்கி வழிகிறார், பேச்சு மந்தம், ஞாபக மறதி என்று மறதி நோய்க்கு ஸ்கேன் எடுக்கப் போவதற்கு முன்னால் ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பாருங்கள்.

மே 21

ஒரு டாக்டரே வந்து, நேற்றைய குறிப்பில் சோடியம் விட்டுப்போயிற்று என்றார். உண்மை. சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை பெரியவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தை இறக்கும், பெரும்பாலும் தொடங்கிய முதல் சில வாரங்களில். நீர் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. 135-க்குக் கீழே போனால் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம். இன்னும் இறங்கினால் குழப்பம், வலிப்பு. மாத்திரை தொடங்கும் முன் ஒரு தடவை, இரண்டு வாரத்தில் ஒரு தடவை ரத்தம் பார்த்தால் போதும், செலவு பெரிதில்லை. “மனச்சோர்வு மாத்திரை ஒத்துக்கலை, இன்னும் சோர்வாயிட்டார்” என்கிற இடத்தில் பாதி நேரம் சோடியம்தான் என்பது என் அனுபவம். அந்த டாக்டர் “பாதி நேரம் கொஞ்சம் அதிகம் சிஸ்டர்” என்கிறார். சரி, கால்வாசி.

ஜூன் 2

அக்கா இந்தக் குறிப்புகளை எல்லாம் கண்ணாடி போட்டு உட்கார்ந்து படித்துவிட்டாள். அவள் சொன்னது:

“ரசத்துல உப்பு இல்லைன்னு நான் சொன்னாக் கூட நீ லெவல் எடுக்கணும்ங்கற. எனக்குக் கோவமே வரக் கூடாதா?”

இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் குரலை உயர்த்தினால், “மாத்திரை போட்டியா?” என்றுதான் வீடு கேட்கிறது. அதிகம் பேசினால் நோய், பேசாவிட்டால் பக்க விளைவு. மருமகளோடு சண்டை, மகன் போன் பண்ணவில்லை என்ற வருத்தம், இதெல்லாம் குறிப்பேட்டில் ஏறிவிடுகின்றன. நான் மேலே எழுதியவற்றை மறுபடி படித்தேன். நடை, நடுக்கம், வாய், பேச்சு, பி.பி. எல்லாம் உடம்பு சம்பந்தப்பட்டவை. அவற்றை எழுதி வையுங்கள், தயங்க வேண்டாம். கோபத்தையும் அழுகையையும் எழுதும் முன் ஒரு தடவை அவரிடமே கேளுங்கள், “ஏன் கோபம்?” என்று. பெரும்பாலும் நல்ல காரணம் இருக்கும்.

குறிப்பேடும் இப்போது அக்கா கையில்தான். நடுக்கம் பற்றி அவளே எழுதுகிறாள், “இன்று இல்லை”, “இன்று கொஞ்சம்”. போன வாரம் எழுதியது: “இன்று இல்லை. தங்கைக்கு இருந்தது, நான் பார்த்தேன்.”

ஜூன் 11

திருநெல்வேலி வாசகரின் மாமனார். 82 வயது, மறதி நோய். ராத்திரி எழுந்து கதவைத் தட்டுகிறார் என்று ரிஸ்பெரிடோன் தந்தார்கள். அளவைக் கூட்டிய பிறகு உட்காரவே மாட்டேன் என்கிறார், வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறார், இன்னும் கூட்டலாமா என்று வாசகர் கேட்கிறார்.

கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் “அகதீசியாவாக இருக்குமா” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்த மாத்திரையே உள்ளுக்குள் ஒரு பரபரப்பைக் கிளப்பும். கால் ஒரு இடத்தில் நிற்காது. இளைஞர் என்றால் “உள்ள என்னவோ பண்ணுது” என்பார். மறதி நோய்க்காரருக்குச் சொல்லத் தெரியாது, நடப்பார். அதை நோய் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மருந்தைக் கூட்டினால் இன்னும் நடப்பார்.

மறதி நோயில் இந்த மருந்துகளைப் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005 ஏப்ரலிலேயே மருந்துக் குறிப்பில் பெட்டி கட்டி எச்சரித்தது. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மருந்து சாப்பிட்டவர்களிடம் இறப்பு 1.6 முதல் 1.7 மடங்கு. பத்து வார ஆய்வுகளில் இறந்தவர்கள், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.6 சதவீதம், மருந்து சாப்பிட்டவர்களில் 4.5 சதவீதம். 2008-ல் பழைய மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, கொடுத்த டாக்டரைத் திட்டப் போகாதீர்கள். மனிதர் கத்தியை எடுக்கிறார், மனைவியைத் திருடி என்று அடிக்கிறார் என்றால் இந்த மருந்து தேவைப்படும். தேவைப்படும்போது கொடுங்கள், ஆனால் தொடங்கும் அன்றே மறுபரிசீலனைக்கு ஒரு தேதி வாங்குங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு தடவையாவது இன்னும் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். நன்றாக வேலை செய்தாலும் நாலு மாதத்துக்குள் குறைத்துப் பார்க்கலாம் என்பதுதான் அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கத்தின் வழிகாட்டி.

அதற்கும் முன்னால்: மாமனாருக்கு மலம் போய் எத்தனை நாள்? நீர் சரியாகப் போகிறதா, எரிகிறதா? எங்காவது வலிக்கிறதா? காது மெஷின் பேட்டரி? நேற்றுவரை சரியாக இருந்தவர் திடீரென்று மாறினால் மறதி நோய் முற்றுவதாக எடுத்துக்கொள்ள முடியாது. நீர்த்தாரைத் தொற்றோ நிமோனியாவோ இருக்கலாம்.

ஜூன் 14

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நரம்பியல் டாக்டர் லெவோசல்பிரைடை நிறுத்தினார், எஸ்சிடலோபிராம் அப்படியே தொடர்கிறது. இரண்டு மாதத்தில் நடை பாதி தேறியிருக்கிறது, நடுக்கம் இன்னும் கொஞ்சம் உண்டு. முழுக்கப் போக ஆறு மாதம் வரை ஆகலாம். போகாவிட்டால் அடியில் உண்மையான பார்க்கின்சன் ஒளிந்திருந்ததா என்று பார்ப்பார்கள், அப்படியும் சிலருக்கு உண்டு.

அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது இல்லை, ஆனால் இங்கே எழுத மறந்திருந்தேன். அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் வாங்க பேங்க் போனபோது, மாசி மாதமே கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எழுத்து சின்னதாகி, போகப் போக இன்னும் சின்னதாகி, கடைசி எழுத்து ஒரு புள்ளி. பார்க்கின்சன் அறிகுறிகளில் இது ஒன்று. கவுண்டரில் இருந்தவர் டாக்டருக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அவர் “ரேகை வைங்கம்மா” என்று முடித்துவிட்டார். மாதம் ஒரு தடவை குறிப்பேட்டிலேயே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மளிகைப் பட்டியல் அவர்களையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

ஜூலை 1

கடைசியாக டிரைஹெக்ஸிபெனிடில். இதைப் பற்றி எழுது என்று பலர் கேட்டும் தள்ளிப்போட்டேன், ஏனென்றால் எழுதினால் பெரிதாகிவிடும். சுருக்கமாக:

கை கால் இறுகாமல் இருக்க, மனச்சிதைவு மருந்தோடு கூடவே இதைத் தருவது நம் நாட்டில் வழக்கம். ரிஸ்பெரிடோனோடும் டிரைஃப்ளுவோபெரசினோடும் சேர்த்து ஒரே மாத்திரையாகவே வருகிறது. இளைஞர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை. பெரியவர்களுக்கு வாய் உலரும், கண் மங்கும், மலம் இறுகும், புராஸ்டேட் இருக்கிற தாத்தாவுக்கு நீரே இறங்காது. அதோடு குழப்பம், இல்லாததைப் பார்ப்பது. “பூச்சி ஊருது” என்று படுக்கையைத் தட்டிய ஒரு முதியவருக்கு மனச்சிதைவு மருந்தைக் கூட்டினார்கள், அதனால் உடம்பு இறுகியது, இறுக்கத்துக்கு இதையே கூட்டினார்கள், பூச்சி பெருகியது. இதைக் குறைத்ததும் பூச்சி போய்விட்டது. 1991-ல் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் பெரியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். 2023-ல் புதுப்பித்த பட்டியலிலும் இது இருக்கிறது. வாயசைவு நோய்க்கும் இது உதவாது, கூட்டும். கோவை அத்தையின் ஸ்ட்ரிப்பில் இருக்கிறதா என்று பார்த்து டாக்டரிடம் கேளுங்கள்.

பக்க விளைவை எங்கே தெரிவிப்பது என்று கேட்டவருக்கு: 2010 முதல் மத்திய அரசின் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. இலவச எண் 1800-180-3024, வார நாட்களில் அலுவலக நேரத்தில். டாக்டர் மட்டும் இல்லை, நோயாளியோ வீட்டாரோ தெரிவிக்கலாம், அதற்கான படிவம் தமிழிலும் உண்டு. மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். சிலர் பேட்ச் எண்ணுக்காக மறுபடி கடைக்கு ஓடுகிறார்கள். அது ஸ்ட்ரிப்பிலேயே அச்சாகியிருக்கும், காலாவதித் தேதிக்குப் பக்கத்தில். மாத்திரையைக் கத்தரித்து எடுக்கும்போது அந்தப் பக்கத்தைக் கடைசிக்கு விட்டுவையுங்கள்.